வீடு கட்டப் போகிறீர்களா? படத்தை மூடிவிட்டு ஷீட்டைத் திறங்கள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்குப் பண்ணி வைத்தவர்கள் அதன் செலவுக் கணக்கை இன்று வரை என்னிடம் காட்டவில்லை. ஆனால் வீட்டை நிஜமாகக் கட்டும் முன், உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு முறை கட்டிப் பார்த்துவிட முடியும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

உடனே பலரும் நினைப்பது முப்பரிமாணப் படம் வரையும் சாப்ட்வேரைத்தான். ஸ்வீட் ஹோம் 3டி இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்கெட்ச்அப் தொகுப்பையும் பிரவுசரிலேயே இலவசமாகப் பயன்படுத்திடலாம். சுவரை இழுத்து விடலாம், கதவு வைக்கலாம், சோபா போடலாம், மாடிக்கு ஏறிப் பார்க்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. என் மச்சான் எங்கள் வீட்டுக்கு மூன்று வாரம் உட்கார்ந்து இப்படி ஒரு படம் போட்டார். முன்னால் ஒரு மரம், பால்கனியில் இரண்டு பூந்தொட்டி, வெளியே ஒரு கார். எங்கள் தெருவில் கார் நுழையாது. அதை விடுங்கள். படத்தைப் பார்த்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “படத்துல வூடு ஜோராத்தான் கீது. மழை வந்தா தண்ணி எங்கடா போவும்?”

அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. “இதற்குப் பணம் எங்கிருந்து வரும்?” என்ற கேள்விக்கும் பதில் இல்லை. வீடு கட்டுபவருக்குக் கம்ப்யூட்டரில் உள்ள மிகப் பயனுள்ள சாப்ட்வேர் ஒர்க் ஷீட்தான் என்பது என் கருத்து. எக்ஸெல் இருந்தால் எக்ஸெல். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் இரண்டுமே இலவசம். 1979இல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக விசிகால்க் என்ற முதல் ஒர்க் ஷீட் சாப்ட்வேரைக் கொண்டு வந்தார்கள். அதுவரை வீட்டுக் கம்ப்யூட்டரை விளையாட்டுப் பொருள் என்று நினைத்தவர்கள் பலர், அந்த ஒரு சாப்ட்வேருக்காகவே கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஒரு எண்ணை மாற்றினால் மற்ற எல்லா எண்களும் தாமே மாறும். வித்தை அவ்வளவுதான். வீடு கட்டும்போது தினமும் மாறுவது எண்கள்தானே?

நான் இருப்பது வட சென்னை மூலக்கொத்தளத்தில். கொத்தளம் என்றால் கோட்டை மதிலில் துருத்திக்கொண்டு நிற்கும் காவல் மேடை. ஊரின் பெயரிலேயே ஒரு பழைய மதில் இருக்கிறது. 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. 1769இல் ஐதர் அலியின் படை நகரத்தின் வாசல் வரை வந்தது. பயந்து போன கிழக்கிந்தியக் கம்பெனி, இப்போது ஜார்ஜ் டவுன் எனப்படும் அன்றைய கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாக வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். மதில் எழும்பியது, வரிதான் வசூலாகவில்லை. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றிய பிறகும் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்றுதான் சொல்கிறோம். பழைய மதிலின் ஒரு துண்டை மாடிப் பூங்காவில் இன்றும் பார்க்கலாம். கட்டிய பின் பணத்தைத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டரை நூற்றாண்டாக எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இருந்தும் எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது அதையேதான்.

எங்களுடையது 15 அடி அகலம், 40 அடி நீளம் கொண்ட பழைய ஓட்டு வீடு. கால் கிரவுண்டு. இடித்துவிட்டுக் கீழும் மேலுமாகக் கட்ட முடிவு செய்தோம். ஒரு கான்ட்ராக்டர் வந்தார், பார்த்தார், சதுர அடிக்கு இவ்வளவு என்றார். நாங்கள் அதை 1,200ஆல் பெருக்கினோம். கையில் இருந்ததும் வங்கி கொடுப்பதும் சேர்த்து ஏறக்குறைய சரியாக இருந்தது. கால்குலேட்டரை மூடிவிட்டுப் பூமி பூஜைக்கு நாள் பார்த்தோம். மாடியில் பூச்சு வேலை பாதியில் நிற்கும்போது பணம் தீர்ந்தது. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது. எட்டு மாதம் என்று போன வாடகை வீட்டில் பதினான்கு மாதம் இருந்தோம்.

கான்ட்ராக்டர் ஏமாற்றினார் என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா பில்களையும் எக்ஸெலில் ஏற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னதை அவர் செய்திருக்கிறார். அவர் சொல்லாததை நாங்கள் கேட்கவில்லை. பழைய வீட்டை இடித்த கூலி, இடிபாட்டை அள்ளிய லாரி, தண்ணீர்த் தொட்டி, போர்வெல், கழிவுநீர் இணைப்பு, மழைநீர் சேகரிப்பு, புது மின் இணைப்பு, மாடித் தண்ணீர் டேங்க், கேட், வரைபட அனுமதிக் கட்டணம், பக்கத்து வீட்டுச் சுவரில் எங்களால் விழுந்த விரிசலைப் பூசிக் கொடுத்தது, பதினான்கு மாத வாடகை, அந்தப் பதினான்கு மாதமும் வங்கிக்குக் கட்டிய வட்டி. இதில் ஒன்று கூட “சதுர அடிக்கு இவ்வளவு” என்பதற்குள் வரவில்லை.

ஆகவே என் முதல் வாதம் இதுதான். சதுர அடி விலையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள். அது இரண்டு கான்ட்ராக்டர்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும், உங்கள் பணம் போதுமா என்று அதனால் சொல்ல முடியாது.

சின்ன மனையில் இது இன்னும் மோசம். கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். 15க்கு 40 அடிக் கட்டடம் 600 சதுர அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவர் வைத்தால் உள்ளே மிஞ்சுவது பதின்மூன்றரை அடிக்கு முப்பத்தெட்டரை அடி. பெருக்கினால் 519.75. அதாவது 80 சதுர அடிக்கு மேல் சுவருக்குள் போய்விட்டது. நூற்றுக்கு 13க்கும் மேல். இதையே 30க்கு 40 அடி என்று மாற்றுங்கள். சுவருக்குப் போவது ஏறத்தாழ 103 சதுர அடி, அதாவது ஒன்பது சதவீதம் கூட இல்லை. இரண்டு வீட்டுக்காரரும் ஒரே சதுர அடி விலைதான் கொடுக்கிறார்கள். ஆனால் சின்ன வீட்டுக்காரர் சுவருக்கு அதிகம் கொடுத்து, நடமாடும் இடத்துக்குக் குறைவாகப் பெறுகிறார். மாடிப்படி இன்னும் ஒரு 70, 80 சதுர அடியைத் தின்னும். அதுவும் இரண்டு வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வட சென்னையின் ஒட்டுச் சுவர் தெருக்களில் கட்டுபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

சரி, ஷீட்டை எப்படி அமைப்பது?

முதல் வரியில் வீட்டின் பரப்பளவை எழுதாதீர்கள். கையில் உள்ள பணத்தை எழுதுங்கள். சேமிப்பு எவ்வளவு, விற்கக் கூடியது எவ்வளவு, கடன் எவ்வளவு கிடைக்கும். கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு உண்டு. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இது உச்ச வரம்பு. உங்கள் வங்கி இதைவிடக் குறைவாகவும் தரலாம். மீதி உங்கள் கையிலிருந்து வர வேண்டும். வங்கி மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் தராது, கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாகத்தான் விடும் என்பதையும் மறக்காதீர்கள். முதல் கல் எப்போதும் சொந்தப் பணத்தில்தான்.

மொத்தம் வந்ததும் அதிலிருந்து பத்து சதவீதத்தைக் கழித்துத் தனி செல்லில் வைத்திடுங்கள். எல்லோரும் இதை “எதிர்பாராச் செலவு” என்று ஷீட்டின் அடியில் எழுதுகிறார்கள். அடியில் எழுதினால் மேலே உள்ளவை அதைத் தின்றுவிடும். மேலேயே கழித்துவிட்டால் அது இல்லாத பணம் ஆகிவிடும்.

அதன் கீழே சதுர அடிக்குள் வராத செலவுகள். நான் மேலே சொன்ன பட்டியலை அப்படியே டைப் செய்து கொள்ளலாம். இடிப்புக்கு ஒரு வரி எழுதும்போது அதற்கு அடுத்த வரியில் வரவும் எழுதுங்கள். பழைய வீட்டில் தேக்கு உத்திரம், நிலை, ஜன்னல் இருந்தால் அதற்கு விலை உண்டு. இடிப்பவர் அதை எடுத்துக்கொண்டு கூலியைக் குறைக்கலாம், சில சமயம் அவரே பணமும் தரலாம். கேட்டால்தான் தருவார். இடிபாட்டை நினைத்த இடத்தில் கொட்ட முடியாது, கால்வாய் ஓரத்தில் கொட்டவே கூடாது. மாநகராட்சிக்குக் கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் நிலையம் கொடுங்கையூரில் இருக்கிறது. வட சென்னைக்காரர்களுக்கு அது பக்கம்தான்.

தண்ணீர் எங்கள் பக்கத்தில் தனி வரி. கடலுக்கு அருகில் இருப்பதால் பல தெருக்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். உப்புத் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். பத்து வருடத்தில் மொட்டை மாடியின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுவதை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர் யார்? எனவே தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஒரு சிறு தொகை, லாரித் தண்ணீருக்கு ஒரு பெரிய தொகை இரண்டையும் போட்டு வையுங்கள்.

அம்மா கேட்ட மழைக் கேள்விக்கும் ஷீட்டில் வரி உண்டு. பேஸ்மட்டத்தின் உயரம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், சுவரில் கறை இருந்தால் டேப்பை வைத்து அளங்கள். அதற்கு மேல் உங்கள் தரை இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போகிறது, அதற்கும் சேர்த்து வையுங்கள். ஒரு அடி உயர்த்தினால் எவ்வளவு கல், எவ்வளவு மண் நிரப்பு என்று மேஸ்திரி சொல்லிவிடுவார். பால்கனியில் கொஞ்சம் குறைத்தாவது இதைச் செய்திடலாம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்.

அனுமதி விஷயத்தில் இப்போது கொஞ்சம் வசதி வந்திருக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில், 7 மீட்டர் உயரத்துக்குள், தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ, மொத்தம் 3,500 சதுர அடி வரை கட்டுபவர்கள் இன்டர்நெட் மூலமே விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். பத்திரம், பட்டா சரியாக இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தே பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்திடலாம். அக்கம்பக்க வீடுகளோடு சுவர் ஒட்டிக் கட்டும் பழைய தெருவாக இருந்தால், உங்கள் இடம் தொடர் கட்டடப் பகுதியில் வருகிறதா என்று மாநகராட்சி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பக்கவாட்டில் இடம் விட வேண்டுமா இல்லையா என்பது அதைப் பொறுத்தது. 15 அடி அகல மனையில் பக்கவாட்டில் இடம் விட்டால் மிஞ்சுவது வராந்தாதான்!

கட்டட அனுமதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எழும்பூரில் சி.எம்.டி.ஏ.வுக்காகக் கட்டிய மாளிகைக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். 1939இல் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட அந்த இருவரின் நினைவிடம் இருப்பது எங்கள் மூலக்கொத்தளத்தில்தான். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அந்த மாளிகைக்குப் போன எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

ஷீட்டுக்குத் திரும்புவோம். இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கட்டடத்துக்கான பணம். இப்போதுதான் எத்தனை சதுர அடி என்று பேச வேண்டும்.

கட்டடச் செலவுக்குத் தனி ஷீட் திறந்து கொள்ளுங்கள். நெட்டு வரிசைகளில் பொருள், அளவு, ஒன்றின் விலை, தொகை, இதுவரை செலவானது, மீதி என்று தலைப்பு கொடுங்கள். தொகை என்ற செல்லில் சமக் குறி அடித்து, அளவு உள்ள செல்லைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி அடித்து, விலை உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிக்கும் பார்முலா வந்துவிடும். அளவையும் விலையையும் ஏன் தனித்தனியாக வைக்கச் சொல்கிறேன் என்றால், அளவு பொதுவாக மாறாது, விலை மாறிக்கொண்டே இருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி இல்லாமல் மூட்டை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 384 ரூபாய் 354 ஆக வேண்டும். எங்கள் அளவு வீட்டுக்கு, சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற மேஸ்திரிகளின் வாய்ப்பாட்டின்படி 480 மூட்டை. ஒரே ஒரு செல்லை மாற்றினால் 14,400 ரூபாய் குறைவது கண்ணுக்குத் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தால் எல்லாவற்றையும் அடித்து எழுத வேண்டும். கடைக்காரர் குறைத்துக் கொடுத்தாரா என்று கேட்கவும் ஷீட்டில் உள்ள எண் தைரியம் கொடுக்கும்.

வாய்ப்பாடு ஆரம்பத்துக்குத்தான். அளவை நீங்களே கணக்கிடக் கற்றுக்கொள்வது நல்லது. 600 சதுர அடி தளத்தை 5 அங்குலக் கனத்தில் போட்டால் 250 கன அடி, ஏறத்தாழ 7.1 கன மீட்டர். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். ஆக 57 மூட்டை. கான்கிரீட் போடும் அன்று 80 மூட்டை இறக்கச் சொன்னால், உத்திரத்துக்கு எவ்வளவு, மீதி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கம்பிக்கு இன்னும் அழகான கணக்கு இருக்கிறது. கம்பியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுங்கள். ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.617 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 7.4 கிலோ. எண்ணிக்கை தெரிந்தால் எடை தெரிந்துவிடும். எடைச் சீட்டில் எழுதியிருப்பது சரியா என்று லாரி தெருமுனையில் நிற்கும்போதே சொல்லிவிடலாம். எம்-சாண்ட் லாரி வந்தால் டேப் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். நீளம் 14, அகலம் 7, உயரம் 3 அடி இருந்தால் 294 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் அது மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. டிரைவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். அடுத்த லோடு சரியாக வரும்.

லாரி பற்றி இன்னொன்று. உங்கள் தெருவுக்குள் லாரி வருமா? வராது என்றால் ஜல்லி, செங்கல், கம்பி எல்லாம் தெருமுனையில் இறங்கும். அங்கிருந்து லோடு ஆட்டோவிலோ ஆள் தலையிலோ வீட்டுக்கு வர வேண்டும். இந்த ஏற்று இறக்குக் கூலி எங்கள் ஷீட்டில் கடைசியில் எழுதப்பட்டது, தொகையில் முதல் ஐந்து செலவுகளில் ஒன்றாக வந்து நின்றது.

கடனுக்கு மூன்றாவது ஷீட். இதில் பி.எம்.டி. என்ற பங்ஷனைப் பயன்படுத்துங்கள். ரேட் என்ற இடத்தில் ஆண்டு வட்டியை 12ஆல் வகுத்தும், என்பெர் என்ற இடத்தில் ஆண்டுகளை 12ஆல் பெருக்கியும், பிவி என்ற இடத்தில் கடன் தொகையையும் கொடுக்க வேண்டும். வட்டியை 9 என்று மட்டும் டைப் செய்யாதீர்கள், 9க்குப் பின் சதவீதக் குறியும் போடுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் 900 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு உங்களை மயக்கம் போட வைக்கும். விடை மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம், பணம் உங்கள் கையை விட்டுப் போகிறது என்று பொருள்.

ஒரு பேச்சுக்கு 20 லட்சம், 9 சதவீதம், 20 வருடம் போடுங்கள். மாதம் 17,995 ரூபாய் என்று வரும். 240ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 43 லட்சத்து 19 ஆயிரம். அசலைவிட வட்டி அதிகம்! இப்போது 20ஐ 15 ஆக்குங்கள். மாதத் தவணை 20,285 ஆகும். மொத்தம் 36 லட்சத்து 51 ஆயிரம். மாதம் 2,290 ரூபாய் கூடுதலாகக் கட்ட முடிந்தால் ஆறரை லட்சத்துக்கு மேல் மிச்சம். அந்தப் பணத்தில் மாடியில் இன்னொரு அறையே கட்டலாம். வங்கியில் உங்களுக்கு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட மாட்டார்கள். வீட்டு வேலை முடியும் வரை, விட்ட பணத்துக்கு மட்டும் மாதா மாதம் வட்டி கேட்பார்கள். அந்த மாதங்களில் வாடகையும் போகும். இரண்டையும் சேர்த்து ஒரு வரியில் எழுதினால், வேலை ஒரு மாதம் தாமதம் ஆனால் எவ்வளவு நஷ்டம் என்று தெரியும். எங்களுக்குத் தாமதமான ஆறு மாதத்தில் போனது, நாங்கள் டைல்ஸில் பேரம் பேசி மிச்சப்படுத்தியதைப் போல் பல மடங்கு.

“இவ்வளவு எதற்கு? செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் எஸ்டிமேட் கொடுக்கிறதே” என்று சில வாசகர்கள் கேட்கக் கூடும். கொடுக்கும். வரிகள் விட்டுப்போகாமல் பட்டியல் தயாரிக்க அதைப் பயன்படுத்துவதில் தவறு இல்லை. ஆனால் உங்கள் தெருவின் அகலம், உங்கள் போர்வெல்லின் உப்பு, பக்கத்து வீட்டுச் சுவரின் வயது எதுவும் அதற்குத் தெரியாது. நீங்கள் போய் அளந்து வந்து டைப் செய்தால்தான் தெரியும்.

வேலை தொடங்கிய பிறகு ஷீட்டைத் தினமும் திறக்க வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமை கூலி கொடுத்துவிட்டு வந்து, அந்த வாரத்து பில்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக மீதி எவ்வளவு என்று பாருங்கள். லிண்டல் மட்டத்தில் பத்து சதவீதம் அதிகமாகியிருந்தால் அப்போதே தரைக்கு மலிவான டைல்ஸ் என்று முடிவு செய்திடலாம். பூச்சு முடிந்த பிறகு தெரிந்தால் முடிவு செய்ய எதுவும் மிஞ்சியிருக்காது, அடகுக் கடைதான். பைலை ஒரு இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். பென் டிரைவில் ஒரு காப்பி, உங்களுக்கே நீங்கள் அனுப்பிய மெயிலில் ஒரு காப்பி இருக்கட்டும். பில்களைப் போனில் படம் எடுத்துத் தேதி போட்டு அதே போல்டரில் சேவ் செய்யுங்கள். சிமென்ட் கையோடு தொட்ட பில் மூன்று மாதத்தில் படிக்க முடியாமல் போய்விடும்.

மேஸ்திரியிடம் ஷீட்டைக் காட்டலாமா என்று கேட்பீர்கள். அளவுகள் உள்ள பக்கத்தைக் கட்டாயம் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். அவர் திருத்திச் சொல்வது உங்களுக்கு லாபம். ஆனால் கொடுக்கும் முன் “மீதி” என்ற நெட்டு வரிசையின் தலை எழுத்தில் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுத்துவிடுங்கள். பிறகு பிரிண்ட் ப்ரிவியூவில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் போன வருடம் கட்டியபோது அவர்களுக்கு நான்தான் ஷீட் போட்டுக் கொடுத்தேன். ப்ரிவியூ பார்க்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமையே மேஸ்திரி கூலியை உயர்த்திக் கேட்டார், அதுவும் மீதி எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்லி.